லாபம், ரெண்டு, மூணு

சேக் பரீதுக்கு எண்ணிக்கை ஒன்றில் தொடங்காது. லாபத்தில்தான் தொடங்கும்.

இதில் அவருடைய குற்றம் ஒன்றுமில்லை. அவருடைய அத்தா திருப்பத்தூர்ச் சந்தையில் தவசக் கடை வைத்திருந்தவர். நெல்லோ கேப்பையோ, முதல் மரக்காலை அளந்து கொட்டும்போது "ஒண்ணு" என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்பார். அப்புறம்தான் ரெண்டு, மூணு. ஒன்று என்று வாய் திறந்தால் பண்டம் ஒன்றோடு நின்றுவிடும் என்பது அந்தச் சந்தையின் பொருளாதாரக் கொள்கை. மகன் மருந்தாளுநர் படிப்பை முடித்து, அரசு வேலைக்கு வந்து, சாக்கோட்டைக்கு அங்குட்டு வேலங்காவயல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினெட்டு வருடமாக மாத்திரை எண்ணிக் கொடுக்கிறார். இன்றைக்கும் காய்ச்சல் மாத்திரை பத்து என்றால் லாபம், ரெண்டு, மூணு என்றுதான் விரல் நகரும். காய்ச்சல்காரர்களும் அந்த லாபத்தை வாயில் போட்டுக்கொண்டு குணமாகியிருக்கிறார்கள். ஒன்று குறைந்தது என்று ஒருவரும் வந்து நின்றதில்லை.

அந்த நிலையத்தின் காவலாளி இருளாண்டி. போன ஐப்பசி மழையில் அவர் மனைவி பொன்னுத்தாயியை வரப்பில் விரியன் கடித்துவிட்டது. தூக்கிக்கொண்டு வந்தார்கள். விஷமுறிவு மருந்து முதல் தடவைக்கே பத்துக் குப்பி ஏற்ற வேண்டும். குளிர்பெட்டியில் இருந்தது இரண்டு. டாக்டர் நாதியா இரண்டையும் ஏற்றி, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆம்புலன்ஸ் நல்ல வேகம். ஆனாலும் பொன்னுத்தாயி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்த இருளாண்டி, மருந்து ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஏன் பாய், பத்து இருந்திருந்தா?"

"இருந்திருந்தா பொழைச்சிருக்கும்ணே."

"சரி. அடுத்த மழைக்குப் பத்து வச்சிருங்க."

அவ்வளவுதான் பேச்சு. சத்தம் போட்டிருந்தால் பரீதும் பதிலுக்குச் சத்தம் போட்டுவிட்டு மறந்திருப்பார். இது மறக்கவில்லை. பத்து என்ற எண் அவருடைய தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டது.

பத்து வேண்டும் என்றால் இருபது கேட்க வேண்டும். கேட்டதில் பாதிதான் வரும். மருந்துத் துறையில் இது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லித் தரப்படும். இருபது கேட்டார். வட்டாரத்தில் இருந்தவருக்கும் அந்த முதல் வாரப் பாடம் நினைவிருந்தது. ஐம்பதாக்கினார். மாவட்டக் கிடங்கில் மழைக்காலத்தை முன்னிட்டு இருநூறாக்கினார்கள். அதற்கும் மேலே இருந்தவர், ஒரு சிற்றூர் இருநூறு கேட்கிறதென்றால் அங்கே பாம்புகள் மாநாடு கூட்டியிருக்கின்றன என்று முடிவு செய்து நானூறு என்று எழுதினார். இத்தனை பேரில் ஒருவரும் பாம்பைப் பார்க்கவில்லை. தனக்குக் கீழே இருந்தவரின் பேனாவைத்தான் பார்த்தார்கள்.

நானூறும் வந்தது. சித்திரையில், கண்மாய் வெடித்துக் கிடந்தபோது. காலாவதிக்கு முப்பத்திரண்டு நாள் பாக்கி. அந்த முப்பத்திரண்டு நாளில் வேலங்காவயலில் யாரையும் ஒரு கட்டெறும்பைத் தவிர வேறெதுவும் கடிக்கவில்லை. முப்பத்து மூன்றாம் நாள் மேலிடத்து ஆணைப்படி நிலையத்தின் பின்பக்கம் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்தார்கள். தோண்டியவர் இருளாண்டி. எண்ணிக் கொடுத்தவர் பரீது.

"பொன்னுத்தாயிக்கு எட்டு குறைஞ்சுச்சு," என்றார் இருளாண்டி, மண்ணைத் தள்ளியபடி. "இதுல எத்தனை எட்டு இருக்கு பாய்?"

"அம்பது."

"அம்பது பொன்னுத்தாயி," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தட்டிச் சுத்தம் செய்தார்.

நானூறு குப்பி புதைந்த செய்தி மேலே போய்ப் பெரிய கொந்தளிப்பை உண்டாக்கியது. மழையில் வேண்டிய மருந்து ஏன் கோடையில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இவ்வளவு ஏன் கேட்டார்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஓர் அலுவலகம் தேவைப்பட்டது. 'தேவைத் திரிபு நீக்க இயக்ககம்' பிறந்தது. கோட்டையூரில், கல்யாணத்துக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விடும் ஒரு பெரிய செட்டியார் வீட்டில் அது குடியேறியது. ஊழியர்கள் பதினொரு பேர். அறைகள் ஐம்பத்தெட்டு. மீதி நாற்பத்தேழு அறைகளும் எதிர்கால விரிவாக்கத்துக்கு.

ஆடியில் பயிற்சிக்கு ஆள் கூப்பிட்டார்கள். சுற்று வட்டாரத்து மருந்தாளுநர்கள் நாற்பது பேர் வளவு முற்றத்தில் பத்தி பத்தியாக உட்கார்ந்தார்கள். பரீதுக்குக் கடைசி வரிசை கிடைத்தது. பயிற்சி அலுவலர் சௌபர்ணிகா, சின்ன வயதுப் பெண், ஒரு மாட்டுச் சாட்டையை எடுத்துக் காட்டினார்.

"கைப்பிடியை லேசா அசைச்சாப் போதும். போகப் போக ஆட்டம் பெருசாகி, நுனி படீர்னு அடிக்கும். கீழ கேக்குற சின்னத் தேவை, மேல போகப் போக இப்படித்தான் பெருசாகுது. இதுக்குச் சாட்டை விளைவுன்னு பேரு."

இயக்குநர் ஈஸ்வரனுக்கு இது பிடித்துவிட்டது. கோட்டு போட்டிருந்தார். ஆடி மாதம், கோட்டையூர், கோட்டு. சாட்டையைத் தானே வாங்கிச் சொடுக்கினார். நுனி முப்பத்தொன்பது பேர் தலைக்கு மேலே பறந்து பரீதின் இடது காதில் பட்டது.

"பார்த்தீங்களா? கைப்பிடியில நான் ஒண்ணுமே செய்யல. நுனியில இருக்கிறவர் எப்படித் துள்ளுறார்? இதுதான் திரிபு."

சௌபர்ணிகா தயங்கி, "சார், பாடப்படி பார்த்தா கைப்பிடிதான் நோயாளி. நுனியில இருக்கிறது நாம," என்றார்.

"நான் எப்படிம்மா நுனியில இருப்பேன்?" என்று கேட்டார் இயக்குநர். பாடம் அடுத்த பக்கத்துக்குப் போனது.

அடுத்த பக்கத்தில் புது விதி இருந்தது. இனி யாரும் உத்தேசமாக மருந்து கேட்கக் கூடாது. கடிபட்டவரின் பெயர், வயது, கடிவாயின் படம், முடிந்தால் பாம்பின் படம், நோயாளியின் கையெழுத்து, இவ்வளவும் இணைத்தால்தான் தேவை உண்மையான தேவை. பதினோரு நாளில் மருந்து வீடு தேடி வரும்.

பரீது காதைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். "சார், கடிச்ச பெறகு கேட்டு, பதினோரு நாள் கழிச்சு வந்தா…"

"உட்காருங்க. பதினோரு நாள்ங்கிறது எங்க வேகம். எத்தனை மணி நேரம் தாங்குறார்ங்கிறது நோயாளியோட வேகம். ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

"இல்ல சார், மழைக்கு முன்னாடி ஒரு பத்து…"

"யாருக்கு?"

"யாரைக் கடிக்குமோ அவுகளுக்கு."

"நாளைக்கு யாரைப் பாம்பு கடிக்கும்னு உங்களுக்கு இன்னைக்கே தெரியும்னா, நீங்க போலீஸ்ல சொல்லியிருக்கணும். நீங்க கேக்குறது மருந்து இல்ல மிஸ்டர் பரீது. பயம். பயத்தையெல்லாம் நாங்க சப்ளை பண்ண முடியாது."

முன்வரிசையில் கைதட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது.

நாற்பது பேருக்குச் சாப்பாடு. பிரிவு எழுத்தர் கூடக் குறைய இருக்கட்டும் என்று அறுபது எழுதினாராம். கண்காணிப்பாளர் கௌரவம் கருதி நூறாக்கினார். மேலாளர் இயக்குநரைக் கருதி நூற்றைம்பதாக்கினார். சமையல்காரர் அரசாங்க விருந்து என்று கேள்விப்பட்டுத் தன் பங்குக்கு இருநூறு இலை அறுத்து வந்திருந்தார். மீந்த கந்தரப்பமும் சோறும் இரண்டாங்கட்டு முற்றத்தில் அண்டா அண்டாவாக ஈ மொய்த்துக் கிடந்ததைப் பார்த்து ஒருவர் வாய் விட்டுச் சிரித்தார். இயக்குநர் சிரிக்கவில்லை. "அது விருந்தோம்பல். திரிபு வேற," என்றார்.

பயிற்சி முடியும்போது எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரு செயலியை ஏற்றிவிட்டார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்குக் குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இருப்பை வாயால் எண்ண வேண்டும். எழுத்தில்தானே திரிபு வருகிறது? வாய் பொய் சொல்லாது என்பது இயக்ககத்தின் நம்பிக்கை.

பரீதுக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்திருந்தது. பழைய கோரிக்கை ஒன்று எங்கோ கோப்புக்கடியில் சிக்கி, யாரும் கவனிக்காமல் தப்பி, அதற்கான மருந்து அந்த வாரமே வந்து சேர்ந்தது. சரியாகப் பத்துக் குப்பி. காலாவதிக்கு மூன்று வருடம். இருளாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். இருளாண்டி பெட்டிக்குள் குனிந்து வெகு நேரம் பார்த்தார். பொங்கல் பானை பொங்குவதைப் பார்ப்பதுபோல.

"வாயால எண்ணணுமாமே. எண்ணுங்க பாய், கேப்போம்."

பரீது கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். "லாபம். ரெண்டு. மூணு. நாலு…" பத்து வரை போனது. செயலி ஒரு பெண் குரலில் கேட்டது: "லாபம் என்று பதிவு செய்யவா? ஆம், இல்லை."

"பரவாயில்லையே," என்றார் பரீது. "நம்ம சந்தைத் தமிழ் இதுக்கும் தெரிஞ்சிருக்கு."

வெளியே ஊசிக்கு முப்பது பேர் நின்றார்கள். 'ஆம்' என்பதைத் தொட்டார்.

அன்றிலிருந்து தினமும் ஒன்பது மணிக்கு இருளாண்டி ஜன்னலருகே வந்து நிற்பார். லாபம் முதல் பத்து வரை கேட்பார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். சாமி கும்பிடுவதுகூட அவ்வளவு ஒழுங்காக அவருக்கு வராது.

நாற்பத்தோராம் நாள் ஒரு வேன் வந்தது. ஓட்டுநர் முத்தரசு பனிப்பெட்டியும் ஒரு தாளுமாக இறங்கினார். தாளில் 'உபரி மீட்பு ஆணை' என்று இருந்தது.

"என்ன பாய், நாப்பத்தோரு நாளா இங்க லாபம் ஓடுதாம்ல. எங்களுக்கெல்லாம் மூச்சே விடல."

ஆணையைப் படிக்கப் படிக்கப் பரீதுக்கு விளங்கியது. கடிபட்டவர்: எவருமில்லை. ஆகவே தேவை: பூஜ்யம். இருப்பு: பத்து. நிலையத்தின் சொந்த வாக்குமூலம்: லாபம். ஆகவே பத்தும் உபரி. கூடவே ஒரு பாராட்டுக் கடிதம்.

சௌபர்ணிகாவுக்குப் போன் போட்டார். "மேடம், லாபம்னா ஒண்ணு. எண்ணிக்கையில முதல் எண்ணு."

"எங்க ஊர்லயும் அப்படித்தான் சார் நெல் அளப்பாங்க. எனக்குத் தெரியும். செயலிக்குத் தெரியாது."

"திருத்த முடியாதா?"

"திருத்தலாம். முன்னாடி கொடுத்தது பொய்த் தகவல்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். பொய்த் தகவல் கொடுத்த நிலையத்துல இருந்து மருந்தை எடுத்துரணும்னு விதி இருக்கு. எப்படிப் பார்த்தாலும் வேன் வரும் சார்."

இயக்குநரே போனை வாங்கினார். "பரீது, என் இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல லாபம்னு வாயைத் திறந்து சொன்ன முதல் நிலையம் உங்களுது. கெடுத்துக்காதீங்க. ஐப்பசியில நானே நேர்ல வர்றேன்."

முத்தரசு பத்துக் குப்பியையும் பனிப்பெட்டிக்குள் அடுக்கினார். இருளாண்டி வேனின் பின்கதவு மூடும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டு வாங்கிருவோம்ணே," என்றார் பரீது.

"யாரைக் கடிச்ச பெறகு?"

பரீது காலிப் பெட்டியை மூடினார்.

ஐப்பசி பிறந்து மூன்று நாள் மழை அடித்தது. இயக்குநர் வரப்போகிறார் என்று சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. காலையில் இருளாண்டி அரிவாளோடு பின்பக்கம் போனார். நானூறு குப்பி புதைத்த இடத்தில் மண் இளகி, பொந்து விழுந்து, புல் இடுப்பளவு நின்றது. பாம்புக்கும் வீடு வேண்டும் அல்லவா?

சரியாக ஒன்பது மணிக்கு ஜன்னலருகே வந்து நின்றார். பரீது காலிப் பெட்டியைத் திறந்து வைத்து, செயலியிடம் "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாய்," என்றார் இருளாண்டி. கணுக்காலுக்கு மேல் இரண்டு புள்ளி, ரத்தம் உறையாமல் வடிந்துகொண்டிருந்தது. "தேவை வந்திருச்சு."

டாக்டர் நாதியா அவரைப் படுக்க வைத்துச் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார். ஆம்புலன்ஸ் வரும் இடைவெளியில் பரீது படிவத்தை நிரப்பினார். பெயர், வயது, கடிவாயின் படம். பாம்பின் படத்துக்கு இருளாண்டியே, "அது நிக்கல பாய்," என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். கையெழுத்துப் போட்டார். செயலி உடனே பதில் சொன்னது: "உங்கள் தேவை உண்மையானது. வாழ்த்துகள்."

பரீதும் ஆம்புலன்ஸில் ஏறினார். பெரிய ஆஸ்பத்திரியில் முந்தின வாரம்தான் உபரி மீட்டிருந்தார்கள். இருந்த மூன்றை ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்பினார்கள். வழியில் இருளாண்டிக்கு இமை தூக்க முடியவில்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் இருந்தது.

"பாய். குழிக்குள்ள நானூறு கிடக்குல்ல."

"அது காலாவதிண்ணே."

"நானுந்தான்," என்றார் இருளாண்டி. சிரித்த மாதிரிதான் இருந்தது. அடுத்த ஊர் வர இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருந்தபோது அதுவும் நின்றுவிட்டது.

ஒரு வாரம் கழித்துக் கோட்டையூரில் விழா. மழையால் இயக்குநர் வேலங்காவயலுக்கு வரவில்லை. வேலங்காவயலைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்டார். மாவட்டத்தின் முதல் திரிபற்ற நிலையம் என்று பரீதை மேடையேற்றினார்கள்.

"கடிபட்டவர் ஒருவர்," என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில். "கோரிக்கை ஒன்று. தேவை பத்து, கேட்டது பத்து. ஒரு குப்பி கூடுதல் இல்லை. கோடையில் இதே ஊர் நானூறு வாங்கிப் புதைத்தது. இந்த மழைக்கு ஒரு மருந்தைக்கூடப் புதைக்கவில்லை."

"ஆளைப் புதைச்சோம் சார்," என்றார் பரீது. ஒலிபெருக்கி இல்லாததால் முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது.

இயக்குநர் அவர் தோளில் கை வைத்தார். குரலில் உண்மையான கனிவு இருந்தது. அதுதான் தாங்க முடியாதது. "வருத்தம்தான் பரீது. தேவை நிறைவேறாமப் போயிருக்கலாம். ஆனா தேவையா பார்த்தா, அவ்வளவு சுத்தமான தேவையை நான் பார்த்ததே இல்ல."

கேடயத்தைக் கொடுத்தார். ஒரு கேடயம் வேண்டிய விழாவுக்கு அறுபது கேடயம் வந்து சுவரோரம் அடுக்கியிருந்தது. சௌபர்ணிகா மேடையின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டே நின்றார்.

சொன்ன சொல் தவறாமல், பதினோராம் நாள் வேன் வந்தது. ஒவ்வொரு குப்பியிலும் அச்சடித்த சீட்டு: 'இருளாண்டி, வயது 54, விரியன். பிறருக்குப் பயன்படுத்தலாகாது.'

"நோயாளி கையெழுத்து வேணும் பாய்," என்றார் முத்தரசு. "சிகிச்சையில இருக்கிற வரைக்கும் மருந்து இங்க இருக்கலாம். ஆளு இல்லைன்னா உபரி. திருப்பி எடுத்துட்டுப் போயிரணும்."

பரீது ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வானம் கறுத்து வந்தது. கண்மாய்க்கரையில் நாற்று நட ஆட்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வெறுங்கால்கள். பதினெட்டு வருடத்தில் ஒரு மாத்திரைக்குக்கூடப் பொய்க்கணக்கு எழுதாத மனுஷர்.

"இருக்காரு," என்றார். "உள்ள படுத்திருக்காரு. எந்திரிக்க முடியல."

முத்தரசு திரும்பி வாசலைப் பார்த்தார். கேட்டில், ஆறடி உயரத்துக்கு, கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் இருளாண்டி கழுத்தில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். மழையில் நனைந்து ஒரு ஓரம் பிய்ந்து படபடத்தது. முத்தரசு அதைப் பார்த்தார். பரீதைப் பார்த்தார். பனிப்பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எந்திரிக்க முடியலன்னா ரேகை வச்சாப் போதும் பாய்," என்றார். "மை இருக்கா, என்ட்ட இருக்கிறதைத் தரவா?"

பரீது தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். காலிக் கட்டிலின் மேல் உட்கார்ந்து, தன் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார்.

வாரா வாரம் நோயாளியின் நிலையைப் பதிவேற்ற வேண்டும் என்று விதி. 'முன்னேற்றம் இல்லை. மோசமாகவும் இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார். டாக்டர் நாதியா படித்துப் பார்த்து, தன் கையெழுத்தையும் போட்டார். சீட்டில் யார் பெயர் இருந்தால் என்ன, பாம்புக்குப் படிக்கத் தெரியாது.

மறுநாள் காலை ஒன்பது மணி. குளிர்பெட்டியைத் திறந்தார். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலருகே யாருமில்லை, கை ஊன்றி ஊன்றிப் பெயின்ட் தேய்ந்த இடம் மட்டும் தெரிந்தது. முதல் குப்பியைத் தொட்டதும் நாக்கு பழக்கத்தில் மேலே எழும்பியது. அந்தச் சொல்லை விழுங்கினார். ஒன்று என்று சொல்லவும் வாய் வரவில்லை; ஒன்றோடு நின்றுவிடுமே.

"இருளாண்டி," என்றார். "ரெண்டு. மூணு. நாலு…"

பத்து வரை எண்ணி முடித்தார்.

"இருளாண்டி என்று பதிவு செய்யவா?" என்று கேட்டது செயலி. "ஆம், இல்லை."

'ஆம்' என்பதைத் தொட்டார்.